குரலுக்கு ஒரு நாள் லீவு

காலையில் எங்கள் வீட்டில் முதல் வேலை பாட்டரி மாற்றுவது. காபிகூட அதற்குப் பிறகுதான். மாமா, அக்காவின் கணவர், குளித்து முடித்து, ஈரம் போகக் கையைத் துடைத்துக்கொண்டு, அக்காவின் கட்டிலருகே வந்து உட்காருவார். அக்காவின் கழுத்தைச் சுற்றி ஒரு மெல்லிய பட்டை கிடக்கும். அதில் பாட்டரி வைக்க இரண்டு குழிகள். ஒன்றில் நேற்றைய பாட்டரி இருக்கும், மற்றது காலி. இரவெல்லாம் சார்ஜ் ஏறிய புதியதைக் காலிக் குழியில் செருகி, பச்சை விளக்கு வருகிறதா என்று பார்த்து, நகத்தால் லேசாக நெம்பிப் பார்த்து, அப்புறம்தான் பழையதைக் கழற்றுவார். புதுசைப் போடாமல் பழசைத் தொடக் கூடாது. அந்த வரிசை மாறினால் என்ன ஆகும் என்று பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாவுக்குக்கூடத் தெரியும்.

"ஏனுங்க, வளைகாப்புக்கு வளையல் போடற மாதிரி இத்தன பதனம் எதுக்குங்க? உங்க காபி ஆறுது" என்பாள் அக்கா.

அவள் வாய் அசையாது. உதடும் அசையாது. குரல் கழுத்துப் பட்டையிலிருந்து வரும். ஆனால் அது அவள் குரலேதான். அதே இழுப்பு, அதே கிண்டல், கோபம் வந்தால் வாக்கியத்தின் கடைசியில் தூக்கலாக ஒரு "ங்க". மூடிய அறைக்கு வெளியே நின்று கேட்டால் உள்ளே ஒருத்தி இடுப்பில் கைவைத்துக்கொண்டு சண்டை போடுகிறாள் என்றுதான் நினைப்பீர்கள்.

என் அக்கா மிதுளாவுக்கு வந்தது கைகால்களில் தொடங்கி மெல்ல மேலேறும் நரம்பு நோய். தொடக்கத்திலேயே பேச்சுத்துணையைக் கட்டிவிட்டார்கள். தொண்டைக்குப் போகும் நரம்பில் ஓடுகிற துடிப்பைப் படித்துச் சொல்லாக்கும் கருவி அது. அவள் நன்றாகப் பேசிய காலத்திலேயே கூடவே கிடந்து, எந்தத் துடிப்புக்கு எந்தச் சொல் என்று கற்றுக்கொண்டது. வருடங்கள் போகப் போகத் துடிப்பு மங்கியது. கருவியும் நாளுக்கு நாள் தன்னைத் திருத்திக்கொண்டே வந்தது. குழந்தையின் மழலை பெற்றவளுக்கு மட்டும் புரிகிற மாதிரி, அக்காவின் நரம்பில் மிச்சமிருந்ததை அந்தப் பட்டை மட்டும்தான் புரிந்துகொண்டது. புதிதாக இன்னொன்றைக் கொண்டுவந்து கட்டினால் அதற்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது. கற்றுக்கொடுக்க அவளிடம் தெளிவான துடிப்பு ஒன்றுகூட மிச்சமில்லை.

இத்தனையும் இருந்தது ஓடுநினைவகத்தில். மின்சாரம் ஓடுகிறவரை அதில் எழுதியது இருக்கும், நின்றால் போய்விடும். எல்லாக் கணினிகளிலும் ஆதிகாலத்திலிருந்தே இருக்கிற பழைய சங்கதிதான். நம் பாட்டன்மார் அதில் கட்டுரை எழுதிச் சேமிக்காமல் விட்டுக் கரண்ட் போனதும் தலையில் அடித்துக்கொண்டார்கள். எங்கள் காலத்தில் அதில் ஆட்களை வைத்திருக்கிறோம்.

பிரதி எடுத்து வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்பீர்கள். சட்டம் விடாது. நான் கல்லூரியில் படித்தபோது ஊர் ஊராகக் குரல் திருட்டு நடந்தது. ஆஸ்பத்திரியில் கிடக்கிற அப்பாவின் குரலில் மகனுக்குப் போன் வரும். மகன் போய் நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வருவான். அதன் பிறகுதான், மனித நரம்பிலிருந்து கருவி கற்ற எதையும் பிரதி எடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தலாம். நகர்த்தும்போதே பழையது அழிந்துவிட வேண்டும். மாமா கவினுக்கு ஆவாரம்பாளையத்தில் பம்ப் பாகங்கள் கடைகிற பட்டறை. அங்கே இயந்திரங்கள் கற்றதை எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுத்து அலமாரியில் அடுக்கலாம். பொண்டாட்டியின் பேச்சுக்கு மட்டும் ஒரே பிரதி, அதுவும் பாட்டரியில்.

எங்களைப் போல எத்தனையோ வீடுகள். நடை கற்ற செயற்கைக் கால், காது கேளாதவர்களின் செவித்துணை, கைநடுக்கத்தை அடக்கும் காப்பு என்று எல்லாமே மின்சாரத்தைப் பிடித்துக்கொண்டுதான் தொங்கின. அதற்காகவே வீட்டுக்கு வீடு அணையா இணைப்பு என்று தனிக் கம்பி கொடுத்தார்கள். கல்யாண மண்டபங்களில் பந்திக் கூடத்துக்குப் பக்கத்தில் பாட்டரி மாற்ற ஓர் அறை வந்தது. தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனாலும் மாமாவின் இடுப்பில் உபரி பாட்டரி இரண்டு கட்டியிருக்கும். அவர் நிம்மதியாகத் தூங்கி நான் பார்த்ததில்லை.

இதில் வேடிக்கை, அக்கா நோய்க்கு முன்னால் வேலை பார்த்தது மின்தடைப் புகார் மையத்தில். "இன்னும் சித்த நேரத்துல வந்துருமுங்க" என்று ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லியே அவள் குரலுக்கு அந்த நயம் வந்தது.

நிலைநினைவகம் என்ற சொல்லை நான் முதலில் கேட்டது அவள் பட்டை கட்டிய வருடத்தில். மின்சாரம் நின்றாலும் எழுதியது எழுதியபடியே நிற்கும் நினைவகம். நிறுவனத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். வழக்கு நடக்கிறது, அவர்களுடைய வக்கீல்கள் கெட்டிக்காரர்கள். ஒவ்வொரு வருடமும் கண்காட்சி வைப்பார்கள். கோட்டு போட்ட ஒருவர் நகத்தளவு சிப் ஒன்றை விரல் நுனியில் வைத்துத் தூக்கிக் காட்டுவார். கண்ணிமைக்கும் நேரத்தில் எழுதும், காலத்துக்கும் மறக்காது என்பார். கை தட்டுவோம். கடைக்கு எப்போது வரும் என்று கேட்டால் தை பிறந்ததும் என்பார்கள். தை பிறக்கும். உற்பத்தியில் சின்னச் சிக்கல், ஆடிக்குள் வந்துவிடும் என்பார்கள். ஆடியில் பழைய பட்டைதான் தள்ளுபடியில் வரும்.

அக்கா இதற்கெல்லாம் அசர மாட்டாள். "நானும் இந்த வேல பாத்தவதானே? 'லைன்மேன் கெளம்பிட்டாருங்க'ன்னு சொல்லுவோம். அவரு அப்பத்தான் சோத்துல கை வெச்சிருப்பாரு."

கடைசியில் ஒரு ஆவணி மாதம் வந்தேவிட்டது. மாமா முதல் ஆளாகப் பதிந்து வைத்திருந்தார். நிறுவனத்திலிருந்து அஸ்வத் என்ற பிரதிநிதி வீட்டுக்கே வந்தார். நல்ல பையன், செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார், அக்காவிடம்தான் முதலில் வணக்கம் சொன்னார். புதுப் பட்டையைப் பழைய பட்டைக்கு மேல் வைத்து இணைத்து, கற்றதையெல்லாம் நகர்த்தினார். இதைக் கூடுமாற்றம் என்பார்கள். கூடு மாறுகிறவரை மாமா உட்காரவே இல்லை. முடிந்ததும் பழைய பட்டை சட்டப்படி வெறுமையாகிவிட்டது. புதியது அக்காவின் கழுத்தில் ஏறியது.

"ஏக்கா, எப்படி இருக்குது?" என்றேன்.

"புது ஜாக்கெட் மாதிரி இருக்குது. அக்குள்ல மட்டும் பிடிக்கல" என்றாள். எல்லாரும் சிரித்தோம். அஸ்வத்தும்.

அப்புறம் அவரிடம், "தம்பி, உங்க கம்பெனி சொல்ற அந்தத் தை மாசம்..." என்று ஆரம்பித்தாள். அஸ்வத் சட்டென்று கையை நீட்டி பாட்டரியை உருவிவிட்டார்.

மாமா போட்ட சத்தம் பட்டறைவரை கேட்டிருக்கும். அஸ்வத் ஒன்றுமே நடக்காத மாதிரி டம்ளரை எடுத்து, நான் கொடுத்த காபியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு பாட்டரியைச் செருகினார்.

"...எங்க காலண்டர்ல வரவே இல்லீங்களே" என்று முடித்தாள் அக்கா.

மாமா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் அழுதார். அழுது முடித்ததும் மூக்கைச் சிந்திக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்.

"ஏனுங்க தம்பி, ஒரு ராத்திரி பூரா ஆஃப் பண்ணி வெச்சாலும் ஆகுமுங்களா?"

"சார், வருஷக்கணக்கா அணைச்சு வெச்சுட்டு எடுத்தாலும் அப்படியே இருக்கும். அதுக்குப் பேருதானே சார் நிலைநினைவகம்?"

மாமா ஏன் அப்படிக் கேட்டார் என்று அஸ்வத்துக்குத் தெரியாது. எனக்கும் அக்காவுக்கும் தெரியும்.

எங்கள் ஊரில் ஆயுத பூஜை என்றால் அது இயந்திரங்களுக்குப் பொங்கல். பட்டறையைக் கழுவி, லேத்தில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்தெடுத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் வாழைக்கன்று கட்டி, பொரி கடலை சுண்டல் எல்லாம் பரப்பிப் பூஜை போடுவார்கள். அதற்குப் பிறகு மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார்கள். மறுநாள் விஜயதசமி காலையில்தான் ஏற்றுவது. அந்த ஒரு ராத்திரி எந்த இயந்திரமும் ஓடக் கூடாது, யாரும் அதில் கை வைக்கக் கூடாது. வருடமெல்லாம் உழைத்ததற்கு அந்த ஓய்வுதான் மரியாதை. ஓடிக்கொண்டே இருக்கிற இயந்திரத்துக்குப் பொட்டு வைப்பதைப் பூஜை என்று மாமா ஒப்புக்கொள்ள மாட்டார்.

அக்காவின் பட்டைக்கு மட்டும் அந்த ஓய்வு ஒரு வருடமும் கிடைத்ததில்லை. எப்படிக் கிடைக்கும்? ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அவள் குறைபட்டுக்கொள்வாள். "துளை போடற மிஷினுக்கு லீவு, காத்தாடிக்கு லீவு. என்ற கழுத்துல கெடக்கற கொத்தடிமைக்கு மட்டும் கெடையாது."

அந்த வருடம் விடவில்லை. பூஜையன்று மாலை அவளைச் சக்கர நாற்காலியில் பட்டறைக்குக் கொண்டுவந்தோம். பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தேன். மாமா எல்லா இயந்திரங்களுக்கும் பொட்டு வைத்துவிட்டு, கடைசியாக அவளிடம் வந்து, பட்டையின் ஓரத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். வைத்துவிட்டுத் தயங்கி நின்றார்.

"பொட்டு மட்டும் போதும் அம்மிணி. ஆஃப் பண்ண வேண்டாம்."

"ஏன், லேத்துக்கு ஒரு நியாயம் எனக்கொரு நியாயமா? இத்தன வருசமா ராத்திரி பகலா எனக்காக உழைக்குது. அதுவும் ஒரு ராத்திரி படுக்கட்டும். நானும் வாய மூடிக்கறேன். உங்களுக்கும் லீவு கெடச்ச மாதிரி ஆச்சு."

பட்டறை ஆட்கள் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. சுண்டலுக்குத் தாளித்து வரட்டும் என்று காத்திருந்தபோது அக்கா புகார் மையத்துக் கதை ஒன்றை எடுத்தாள். அவளிடம் அப்படி நூறு கதை உண்டு. இது நான் கேட்காதது.

"பீளமேட்டுல இருந்து ஒருத்தரு. டெய்லி சாயந்தரமானா கூப்பிடுவாரு. அவரு லைன்ல எப்பப் பாத்தாலும் கோளாறு. நானும் டெய்லி சமாதானம் சொல்லுவேன். ஒரு நா பாரு, அவரு ஏரியாவுல கரண்ட்டே போகல. ஸ்க்ரீன்ல பாக்கறேன், எல்லாம் பச்சையா எரியுது. ஆனாலும் மனுசன் கூப்பிட்டாரு. 'என்னாச்சுங்க, கரண்ட் இருக்குதுங்களே'ன்னு கேட்டேன். அதுக்கு அவரு என்ன சொன்னாருங்கற..."

"அம்மிணி, நேரமாச்சு" என்றார் மாமா. கற்பூரத்தட்டு கையில் இருந்தது.

"செரி, செரி, காட்டுங்க. நேத்ரா, மிச்சத்தக் காலைல சொல்றேன். ஞாபகப்படுத்து." அப்புறம் ஒரு நொடி விட்டு, "பொரியில கடல கம்மி" என்றாள்.

மாமா தீபாராதனை காட்டினார். மெயின் சுவிட்ச் இறங்கியது. ஒவ்வொன்றாக இரைச்சல் அடங்கியது. அக்காவின் கழுத்துக்குக் குனிந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக, புதியதைப் போடாமல் பழையதைக் கழற்றினார். கழற்றிய பாட்டரியை வெற்றிலைத் தட்டில் வைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அன்று இரவு அக்கா இமைகளால் பேசினாள். ஒருமுறை மூடினால் ஆமாம், இருமுறை என்றால் இல்லை. வாய் மூடிக் கிடப்பதை அவள் ரசித்தாள் என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. மாமா பாட்டரிக்காக அலாரம் வைக்காமல் படுத்தார். குறட்டைச் சத்தம் மேல் வீட்டில் எனக்குக் கேட்டது. பாவம் மனுஷன், எத்தனை வருடக் குறட்டையோ என்று நினைத்துக்கொண்டேன்.

விஜயதசமி காலை. பக்கத்துத் தெருக் கோயிலில் குழந்தைகளை மடியில் வைத்து அரிசியில் எழுதப் பழக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மாமா பட்டறை சுவிட்சை ஏற்றிவிட்டு, தேங்காய் உடைத்துவிட்டு வந்து, தட்டிலிருந்த பாட்டரியை எடுத்து அக்காவின் பட்டையில் செருகினார். பச்சை விளக்கு எரிந்தது.

"அக்கா, அந்தப் பீளமேட்டு ஆளு என்ன சொன்னாரு?" என்றேன்.

பட்டையிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. இளமையான, பளிச்சென்ற, எந்த ஊருக்கும் சேராத குரல்.

"வணக்கம்! நாம் இப்போதுதான் முதன்முறையாகச் சந்திக்கிறோம். தொடங்கலாமா? முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள்."

அக்கா எங்களைப் பார்த்தாள். மாமா பாட்டரியைக் கழற்றி மறுபடி செருகினார். அதே வணக்கம். அக்காவின் கழுத்து நரம்பில் ஏதோ மிக லேசாகத் துடித்தது. அவள் சொல்லிப் பார்க்கிறாள். தன் பெயரைச் சொல்லிப் பார்க்கிறாள்.

"புரியவில்லை. மீண்டும் சொல்லுங்கள்" என்றது அவள் கழுத்திலிருந்த குரல்.

அவள் மீண்டும் சொன்னாள். மீண்டும் புரியவில்லை. அன்று முழுக்க அவள் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள், அவளுடைய தொண்டையே அவளைப் புரியவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தது. பொழுது சாயும் நேரத்தில் கண்ணோரம் ஈரமாகி, அவள் நிறுத்திவிட்டாள்.

மறுநாளே நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனோம், நானும் மாமாவும். பட்டையை ஒரு மெத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போனோம். மண்டல மேலாளர் ஓர் அம்மாள். முகத்தில் கவலை இருந்தது, அளவாக இருந்தது. அவரே பட்டையின் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே நடுவில் சதுரமாக ஒரு காலியிடம். பல் விழுந்த ஈறு மாதிரி இருந்தது.

"நிலைநினைவக சிப் வர்ற இடம் இது சார். இடம் தயாரா இருக்கு. சிப் மட்டும் இன்னும் சப்ளைக்கு வரல. வந்ததும் இலவசமாவே பொருத்திக் குடுப்போம். அதுவரைக்கும் ஓடுநினைவகம்தான். கூட ஒரு மின்தேக்கி குடுத்திருக்கோம். சாதாரணமா கரண்ட் போனா, பாட்டரி மாத்த லேட்டானா, கொஞ்ச மணி நேரம் அது தாங்கும்."

"வருசக்கணக்கா தாங்கும்னு தம்பி சொன்னாருங்களே" என்றார் மாமா.

"அது சிப் பொருத்தினதுக்கு அப்புறம் சார்."

"அவரு பாட்டரிய உருவிக் காட்டினாருங்களே? காபி குடிச்சுட்டுத் திரும்பப் போட்டாருங்களே?"

"காபி குடிக்கற நேரத்துக்கு மின்தேக்கி தாராளமா போதும் சார்."

அஸ்வத் மேலாளரின் பின்னால் நின்றிருந்தார். அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது. அவருக்கும் உள்ளே காலி என்று தெரியாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். தெரியாதவர்களைத்தானே வீட்டுக்கு அனுப்புவார்கள். தெரிந்தவர்களால் அந்தக் காபியைக் குடித்திருக்க முடியாது.

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க மேடம்" என்றார் மேலாளர் என் பக்கம் திரும்பி. "பேச்சுத்துணைய ஒருத்தர் வேணும்னே ராத்திரி முழுக்க ஆஃப் பண்ணி வெப்பாங்கன்னு எங்க சோதனைக் குழுல யாருமே எதிர்பார்க்கல. எந்த ஊர்லயும் யாரும் அப்படிப் பண்ணினது இல்ல."

அப்போதுதான் நான் கவனித்தேன். அவர் மேஜையிலிருந்த திரையின் மூலையில் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. பின்னால் கண்ணாடி அறைக்குள் சர்வர் அலமாரிகளுக்கெல்லாம் மாலை போட்டிருந்தது. மாலைக்கு நடுவே சின்னச் சின்ன விளக்குகள் சிமிட்டிக்கொண்டிருந்தன.

"நீங்களும் பூஜை போட்டீங்களா?" என்றேன்.

"போடாம இருப்போமா மேடம்?"

"ராத்திரி இதையெல்லாம் ஆஃப் பண்ணுனீங்களா?"

அந்த அம்மாள் உண்மையாகவே திகைத்துப் போனார். "சர்வர எப்படி மேடம் ஆஃப் பண்றது? பொட்டு மட்டும் வெச்சுக்குவோம்."

மாமா பட்டையை மறுபடி துணியில் சுற்றினார். எனக்கு அந்த மேஜையையே புரட்டிப் போட வேண்டும் போல இருந்தது. அவர்களுக்குத் தங்கள் சரக்கைப் பற்றித் தெரிந்திருந்தது. அதனால் பொட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். அவர்கள் சொன்னதை முழுசாக நம்பியவர் ஊரிலேயே என் மாமா ஒருத்தர்தான்.

கண்ணால் எழுத்தைத் தொட்டுத் தொட்டு எழுதும் கருவியைக் கொண்டுவந்து பார்த்தோம். அவளுக்குக் கருவிழி பக்கவாட்டில் நகர்வது எப்போதோ நின்றுவிட்டது. நரம்பு நிபுணர்கள் இருவர் வந்து பார்த்தார்கள். பட்டை புதிதாகக் கற்றுக்கொள்ளக் குறைந்தபட்சம் இவ்வளவு துடிப்பு வேண்டும் என்று ஒரு கோட்டைக் காட்டினார்கள். அக்காவின் துடிப்பு அந்தக் கோட்டுக்கு வெகு கீழே, தரையோடு தரையாக ஊர்ந்துகொண்டிருந்தது. மிச்சமிருந்தது இமைகளின் ஆமாமும் இல்லையும்தான். வாழ்நாள் முழுக்க அந்த இரண்டையும் அவள் அதிகம் பயன்படுத்தியதே இல்லை. எதைக் கேட்டாலும் கதையாகத்தான் பதில் வரும்.

அந்தப் பீளமேட்டு ஆளை நான் விடவில்லை. தினமும் ஒரு யூகத்தோடு போய் உட்காருவேன். "தனியா இருந்தாரா, பேசறதுக்கு ஆளில்லாம கூப்பிட்டாரா?" இரண்டு இமைப்பு. "உன் குரலக் கேக்கக் கூப்பிட்டாரா?" கண்ணில் ஒரு சிரிப்பு, ஆனால் இரண்டு இமைப்பு. "நன்றி சொல்லவா? சண்டை போடவா? அவரு பொண்டாட்டிக்குப் பேச்சுத்துணை இருந்துச்சா?" இல்லை, இல்லை, இல்லை. கார்த்திகை மாதம் ஒரு நாள் நான் கேட்டதற்கு அவள் பதிலே சொல்லவில்லை. கண்ணைத் திறந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதோடு நானும் விட்டுவிட்டேன்.

மாமா காலையில் பாட்டரி மாற்றுவதை மட்டும் நிறுத்தவில்லை. புதியதைச் செருகி, நெம்பிப் பார்த்து, பழையதைக் கழற்றினார். எதைக் காப்பாற்ற இத்தனை பதனம் என்று நான் கேட்கவில்லை. ஒருவேளை துடிப்பு ஒரு நாள் கொஞ்சம் கூடலாம், ஒரு சொல்லாவது பட்டைக்குப் பிடிபடலாம் என்று அவர் நம்பியிருக்கலாம். நாளெல்லாம் அது புரியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்தில் பழகிவிட்டார்கள்.

அடுத்த வருடம் ஆயுத பூஜைக்குக் கொஞ்சம் முன்னால் அஸ்வத் போன் செய்தார். சிப் வந்துவிட்டதாம். இந்தத் தடவை நிஜமாகவே வந்துவிட்டதாம். செய்தியிலும் போட்டார்கள். கோட்டு போட்டவர் கண்ணில் நீர் மல்கப் பேசினார். ஊரெல்லாம் அலாரங்களை நிறுத்திவிட்டுத் தூங்கப் போகிறது என்றார். பொய் இல்லை. எங்கள் தெருவிலேயே கைநடுக்கக் காப்பு கட்டிய ஒருவர் அன்று இனிப்பு வாங்கிக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன், சாப்பிட மனம் வரவில்லை.

அஸ்வத் வந்தார். செருப்பை வெளியே விட்டார். அக்காவுக்கு வணக்கம் சொல்லும்போது அவள் கண்ணைப் பார்க்கவில்லை. மூடியைத் திறந்து, அந்தக் காலியிடத்தில் நகத்தளவு சிப்பைப் பொருத்தினார். மாமா இந்த முறை உட்கார்ந்தே இருந்தார்.

"வேலை செய்யுதான்னு காட்டிட்டுப் போகச் சொல்லியிருக்காங்க சார். விதிமுறை. வேண்டாம்னா விட்டுடறேன்."

"காட்டுங்க தம்பி" என்றார் மாமா.

அக்காவுக்கு என்ன தோன்றியதோ, அவள் கழுத்து நரம்பு துடித்தது. ஏதோ சொல்கிறாள். அஸ்வத்திடம் சொல்கிறாளா, மாமாவிடமா, தெரியாது. தை மாதத்தைப் பற்றிய கிண்டலாகக்கூட இருக்கலாம்.

"புரியவில்லை. மீண்டும்..." என்று பட்டை தொடங்கியபோது அஸ்வத் பாட்டரியை உருவினார்.

மின்தேக்கியைத் தனியே கழற்றி மேஜையில் வைத்தார், நாங்கள் பார்ப்பதற்காக. நான் காபி போடவில்லை. மூவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். மதியம் கழிந்து, வெயில் சாய்ந்து, பட்டறையில் ஷிப்ட் மாறுகிற சத்தம் கேட்டது. போதும் என்று மாமாதான் சொன்னார். அஸ்வத் பாட்டரியைச் செருகினார்.

"...சொல்லுங்கள்" என்றது பட்டை.

விட்ட இடத்திலிருந்து, ஒரு எழுத்து பிசகாமல். தொழில்நுட்பம் பலித்துவிட்டது. இனி வருடக்கணக்கில் அணைத்துவைத்து எடுத்தாலும் அது மறக்காது. அக்காவை அதற்குத் தெரியாது என்பதையும் மறக்காது.

அஸ்வத் போன பிறகு மாமா நாற்காலியைக் கட்டிலுக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அம்மிணி, இதக் கழட்டிரட்டுமா?"

அக்கா ஒருமுறை கண்ணை மூடித் திறந்தாள்.

மாமா எழுந்து போய்க் கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துக்கொண்டு வந்தார். அவள் கழுத்துக்குக் குனிந்து பட்டையின் கொக்கியை விடுவித்தார். அப்போதும் பழக்கதோஷத்தில் இடது கையில் புது பாட்டரி ஒன்றைத் தயாராகப் பிடித்துக்கொண்டிருந்தார்.